99 சென்ட்டுக்கு ஒரு பாட்டு: ஐடியூன்ஸ் ஸ்டோர்

என் கணினியில் 'முதலிடம்' என்ற பெயரில் ஒரு பிளேலிஸ்ட் இருக்கிறது. 2005லிருந்து 2015 வரை அமெரிக்காவில் வாராவாரம் பிரபலமான பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு ஹாட் 100 பட்டியலிலோ, பிரிட்டனில் அதே வேலையைச் செய்யும் சிங்கிள்ஸ் பட்டியலிலோ முதலிடம் பிடித்தவற்றில் எனக்குப் பிடித்த 58 பாட்டுகள். அமெரிக்காவில் வேலை பார்த்தபோது தொடங்கிய கணக்கில், ஆப்பிள் நிறுவனத்தின் இணையப் பாட்டுக் கடையான ஐடியூன்ஸ் ஸ்டோரில் ஒவ்வொன்றாக வாங்கியவை. போன வாரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டேன். ஒன்றுகூடப் பழுதில்லை. அந்தக் கடையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

கடை திறந்தது 2003 ஏப்ரல் 28. பாட்டு ஒன்று 99 சென்ட். ஒரே பாட்டுக்காக முழு சிடியையும் வாங்கி, மற்றப் பாட்டுகளை இரண்டாம் முறை கேட்காமலே அலமாரியில் வைத்தவர்களுக்கு இதன் அருமை புரியும். வாங்குவதற்கு முன் 30 வினாடி மாதிரி கேட்கலாம். அதையே நாலைந்து தடவை ஓடவிட்டு, மனசு அடங்காமல் பொத்தானை அழுத்திவிடுவேன். 2010இல் மாதிரியை 90 வினாடி வரை நீட்டினார்கள்.

இந்தக் கடையில் வாங்கும்போது எனக்கு இன்னொரு நிறைவும் இருந்தது. 2005 பிப்ரவரியிலிருந்து ஹாட் 100 கணக்கில் டவுன்லோடு விற்பனையையும் சேர்த்தார்கள். அதுவரை பட்டியலில் வானொலியின் கைதான் ஓங்கியிருந்தது. அதன் பிறகு என் 99 சென்ட்டும் எண்ணிக்கையில் ஏறியது. அந்த ஆண்டே க்வென் ஸ்டெஃபானியின் 'ஹாலபேக் கேர்ள்' அமெரிக்காவில் 10 லட்சம் டவுன்லோடு விற்ற முதல் பாட்டானது. என் பட்டியலில் முதலில் நிற்பதும் அதுதான். 2009இல் கெல்லி கிளார்க்சனின் ஒரு பாட்டு 97ஆம் இடத்திலிருந்து ஒரே வாரத்தில் 1க்குத் தாவியது. கடையில் விற்பனைக்கு வந்த வாரம் அது. ஃப்ளோ ரைடாவின் 'ரைட் ரவுண்ட்' முதல் வாரத்திலேயே 6 லட்சத்தைத் தாண்டியது.

பிரிட்டன் கதை இன்னும் சுவையானது. 2006 ஏப்ரலில் நார்ல்ஸ் பார்க்லியின் 'கிரேஸி', சிடி கடைக்கு வருவதற்கு முன்பே, டவுன்லோடு விற்பனையை மட்டும் வைத்து முதலிடம் போனது. அங்கே அப்படி நடந்தது அதுவே முதல் முறை. ஒன்பது வாரம் இறங்கவில்லை. பட்டியலில் ஏற சிடியும் வந்தாக வேண்டும் என்ற விதியையே 2007 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். பழைய பாட்டும் பட்டியலுக்குள் வர வழி பிறந்தது.

அதன் பலனை 2009 கிறிஸ்துமஸில் பார்த்தோம். அதற்கு முந்தைய நான்கு ஆண்டும் ஒரே தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் வென்றவர்களுக்குத்தான் கிறிஸ்துமஸ் முதலிடம். இந்த முறை மாற்றிக் காட்டுவோம் என்று ஒரு தம்பதி ஃபேஸ்புக்கில் அழைப்பு விடுக்க, ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் குழுவின் 1992ஆம் ஆண்டுப் பாட்டை ஒரே வாரத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் வாங்கித் தள்ளினார்கள். அத்தனையும் டவுன்லோடு. என் அமெரிக்கக் கணக்கு பிரிட்டன் எண்ணிக்கையில் சேராது. தெரிந்தேதான் அதே வாரம் நானும் ஒரு பிரதி வாங்கினேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் கோப்புகளின் ஒலித்தரம் 128 கேபிபிஎஸ்தான் (இந்த எண் கூடினால் ஒலி தெளிவாகும்), அதோடு நகலெடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம் பூட்டு. ஐந்து கணினிக்கு மேல் ஓடாது. 2009இல் பூட்டை எடுத்து 256க்கு உயர்த்தினார்கள். பழைய பாட்டை மாற்ற ஒவ்வொன்றுக்கும் 30 சென்ட். 'கிரேஸி'யை மாற்றி ஹெட்போனில் கேட்டபோது, பின்னணிக் குரல்கள் தனித்தனியாகப் பிரிந்து வந்தன. முன்பு அவை ஒரே குழம்பலாக இருந்தன. அதே ஆண்டு விலையும் 69 சென்ட், 99 சென்ட், 1.29 டாலர் என்று மூன்றானது. முதலிடத்துப் பாட்டென்றால் அநேகமாக 1.29தான்.

எனக்கு உண்மையாகவே மனத்தாங்கல் தரும் விஷயம் வேறு. பாட்டை வாங்கினால் பாடியவர் பெயர் வரும். பேஸ் கிதார் வாசித்தது யார், ஒலிப்பதிவு செய்தது யார் என்று தெரியாது. கேசட் அட்டையை விரித்து எழுத்தெழுத்தாகப் படித்து வளர்ந்தவன் நான். அந்த 58 பாட்டிலும் வாசித்த கைகளுக்குப் பெயர் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பூட்டின் கொடுமை எனக்கு வேறொரு டவுன்லோடு கடையில் நேர்ந்தது. உரிமம் சரிபார்க்கும் சர்வரை ஒருநாள் நிறுத்திவிட்டார்கள். கணினியை மாற்றினேன், காசு கொடுத்து வாங்கிய 21 பாட்டும் திறக்க மறுத்தன. அதனால் டவுன்லோடு வாங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: பூட்டில்லாத கோப்பா என்று பாருங்கள், வாங்கிய அன்றே தனி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

எதையும் எப்போதும் கேட்க வேண்டும் என்பவர்களுக்கு ஸ்ட்ரீமிங் சந்தா போதும். பிடித்த பத்துப் பாட்டு தன்னிடமே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கடையைத் தயங்காமல் சொல்வேன். இப்போதும் வாங்கலாம்.

என் பட்டியலில் கடைசி, அடெலின் 'ஹலோ'. அமெரிக்காவில் ஒரே வாரத்தில் 10 லட்சம் டவுன்லோடைத் தாண்டிய முதல் பாட்டு. அதன் விவரப் பக்கத்தைத் திறந்தால் வாங்கிய தேதி தெரிகிறது: 2015 அக்டோபர் 23. வெளியான அன்றே வாங்கியிருக்கிறேன்.