எனக்கு ஆபரேஷன், அம்மாவை யார் பார்ப்பது?

குடலிறக்க ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் சொன்னார்: ஒரு மாதம் கனம் தூக்கக் கூடாது. எங்கள் வீட்டில் கனம் என்றால் அம்மாதான். வயது 81, மறதி நோய். பிடித்துக்கொண்டால் நடப்பார், ஆனால் கட்டிலிலிருந்து எழுப்புவதற்கும் குளிப்பாட்டுவதற்கும் ஆள் வேண்டும்.

கவனிக்கிறவருக்குக் கொஞ்ச நாள் விடுப்பு கிடைக்கும்படி வேறொருவர் பார்த்துக்கொள்வதற்கு 'ரெஸ்பைட் கேர்' என்று பெயராம். விசாரித்ததில் நான்கு வழி தெரிந்தது. இரண்டை அனுபவித்தேன்.

முதலில் எல்லோரும் சொல்வது, "தம்பி வீட்டில் விடு." விட்டேன். எங்கள் வீட்டில் கட்டிலுக்கு இடப்பக்கம் பாத்ரூம். அங்கே இடப்பக்கம் இருந்தது பால்கனிக் கதவு. நான்காம் நாள் காலையில் தம்பி மனைவி போன் செய்தாள். "அண்ணி, தப்பா நினைக்காதீங்க. அத்தை ராத்திரி முழுக்க வீட்டுக்குப் போகணும்னு புடவையெல்லாம் மூட்டை கட்டுறாங்க. நாங்க தூங்கி மூணு நாளாச்சு." அவள்மேல் தப்பே இல்லை. செலவில்லாத வழிதான். ஆனால் மறதி உள்ளவர்களை இடம் மாற்றினால் குழப்பம் கூடும், இரவில் இன்னும் கூடும். புத்தி தெளிவாக இருக்கும் பெரியவர் என்றால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

அடுத்து, ஏஜென்சி மூலம் வீட்டுக்கே ஆள். எங்களுக்குக் கடைசியில் உதவியது இதுதான், ஆனால் படுத்தியதும் இதுதான். 11 நாளில் ஐந்து பேர் மாறினார்கள். ஒவ்வொரு புது முகத்தையும் பார்த்து, "என் மோதிரத்தை எடுத்துட்டா" என்று அம்மா சத்தம் போடுவார். மோதிரம் பீரோவில்தான் இருக்கும். இப்படிச் சந்தேகப்படுவது நோயின் பகுதி என்று வந்தவரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நான் சொல்லாததால் ஒருவர் அழுதுகொண்டே போய்விட்டார். ஆறாவதாக வந்த அம்மாள் எதுவும் பேசாமல் அம்மாவின் பின்னால் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார். சண்டை அன்றோடு நின்றது.

பணம் கட்டும் முன் சில விஷயம் கேளுங்கள். ஆள் வராத நாளில் மாற்று ஆள் எத்தனை மணிக்குள் வருவார்? வார விடுமுறை உண்டா? '24 மணி நேரம்' என்றால் இரவில் அவரும் தூங்குவார், தூங்கத்தான் வேண்டும். அம்மா இரவில் நாலு தடவை எழுந்தால் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று இரண்டு ஷிப்ட் தேவைப்படும். செலவும் அப்படியே ஏறும். மூக்குக் குழாய் வழியே உணவு, சிறுநீருக்குக் குழாய் (கதீட்டர்) எல்லாம் உண்டென்றால் அட்டெண்டர் போதாது, பயிற்சி பெற்ற நர்ஸ்தான் வேண்டும்.

மூன்றாவது, பகல்நேர மையம். தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் 25 'அன்புச்சோலை' மையங்களை அறிவித்தது. காலையில் விட்டு மாலையில் அழைத்து வரலாம். நடமாட்டமுள்ள, பேச்சுத்துணை தேடும் பெரியவருக்கும் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் அருமையான ஏற்பாடு. எனக்கு உதவாது. அம்மாவை ஆட்டோவில் ஏற்றி இறக்குவதே தூக்குகிற வேலை, இரவும் என் தலையில்தான்.

நான்காவது, முதியோர் இல்லத்தில் சில வாரம் தங்கவைப்பது. கட்டண இல்லங்கள் சில இப்படிச் சேர்த்துக்கொள்கின்றன. எதிர் வீட்டு மாமா இடுப்பு எலும்பு முறிந்தபோது மூன்று வாரம் இருந்தார். சாம்பாரைத் தவிர வேறு குறை சொல்லவில்லை. படுத்த படுக்கையாக இருந்து மனம் தெளிவாக உள்ளவருக்கு ஏஜென்சியைவிட இது மேல் என்பேன், ஏனென்றால் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வீட்டில் தனியாளால் ஆகாது. சேர்க்கும் முன் சொல்லாமல் கொள்ளாமல் இரவு எட்டு மணிக்குப் போய், எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று எண்ணிப் பாருங்கள். திரும்பி வந்த அன்றே குதிகால், முதுகின் அடிப்பகுதி இரண்டையும் பாருங்கள். படுக்கைப்புண் அங்கேதான் சிவப்பாகத் தொடங்கும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறது, மாத்திரை தருகிறது, பிசியோதெரபியும் உண்டு. நல்ல திட்டம், ஆனால் வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மையமும் மருத்துவமனைதான். எனக்கு ஓய்வு வேண்டும் என்று அம்மாவை அங்கே அட்மிட் செய்ய முடியாது. எங்கே விசாரிப்பது என்றே தெரியாதவர்கள் முதியோர் உதவி எண் 14567-ஐ அழைக்கலாம், இலவசம்.

எந்த வழியானாலும் ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். மாத்திரை நேரம் எல்லோரும் எழுதுவார்கள். எங்கள் பிரிட்ஜில் ஒட்டியிருந்ததில் மாத்திரைக்குக் கீழே இருந்தது இது: "சாயங்காலம் அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போகணும் என்பாங்க. இதுதான் வீடுன்னு சொல்லாதீங்க. காபி குடிச்சிட்டுப் போலாம்னு சொல்லுங்க. குடிச்சதும் மறந்துடுவாங்க. சர்க்கரை அரை ஸ்பூன்."