கதையை முதலில் எங்கே அனுப்புவது? கிளார்க்ஸ்வேர்ல்டு, அன்கேனி, அனலாக், ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்

ஆங்கிலத்தில் அறிபுனைவும் (சயின்ஸ் ஃபிக்ஷன்) மிகுபுனைவும் (ஃபேன்டசி) எழுதுகிறவர்களிடம் கனவு இதழ் எது என்று கேட்டால் இந்த நான்கு பெயர்களும் கட்டாயம் வரும். நான்குமே அந்த ஆசைக்குத் தகுதியானவை. ஆனால் பெயரை மட்டும் வைத்து அனுப்பும் வரிசையைப் போடக்கூடாது. ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்கு அனுப்புவதைப் பெரிய இதழ்கள் பொதுவாக ஏற்பதில்லை. கதை ஓரிடத்தில் காத்துக் கிடக்கும் நாளெல்லாம் மற்ற வாசல்கள் அதற்கு மூடியே இருக்கும். எனவே பதில் எப்போது வரும், எத்தனை சொல் வரை ஏற்பார்கள், எந்த மாதம் கதை வாங்குவார்கள் என்ற மூன்றையும் முதலில் பாருங்கள்.

இந்தக் கணக்கில் முதலிடம் கிளார்க்ஸ்வேர்ல்டுக்கு. 2006இல் தொடங்கியது, ஆசிரியர் நீல் கிளார்க். 1,000 முதல் 22,000 சொற்கள் வரை வாங்குகிறார்கள். சன்மானம் சொல்லுக்கு 14 சென்ட். 4,000 சொல் கதைக்கு 560 டாலர். பதில் பெரும்பாலும் சில நாட்களில் வந்துவிடும். நிராகரித்தாலும் உங்கள் கதைக்கு ஒரு வாரம்தான் நஷ்டம், அதனால் கிடைக்க அரிதான இடத்தையே முதலில் முயன்று பார்த்துவிடலாம். பேசும் பூனை, பேசும் வாள், தொலைக்காட்சித் தொடர்போல எளிதாக நடக்கும் காலப்பயணம் ஆகியவற்றை விற்பது கடினம் என்று விதிமுறைப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலைப் படிக்காமல் அனுப்பாதீர்கள்.

தமிழில் எழுதி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் சறுக்கும் இடமும் ஒன்று உண்டு. 2023 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எழுதிய கதைகள் ஒரே மாதத்தில் 500க்கும் மேல் குவிந்ததால் கிளார்க்ஸ்வேர்ல்டு சில வாரங்கள் வாசலையே மூட நேர்ந்தது. இப்போது அத்தகைய கருவிகளால் எழுதப்பட்டதை மட்டுமல்ல, மொழிபெயர்க்கப்பட்டதையும் மெருகேற்றப்பட்டதையும்கூட ஏற்பதில்லை. பிடிபட்டால் இனி எதையும் அனுப்ப முடியாதபடி தடை விழலாம். இலக்கணத்தைச் சரிபார்க்க ஆங்கிலம் நன்கு தெரிந்த ஒரு நண்பரைப் பிடியுங்கள்; கதை சுமாராக இருந்தாலும் உங்களுடையதாக இருக்கும்.

அன்கேனி 2014 நவம்பரில் தொடங்கிய இருமாத இதழ். அறிபுனைவு, மிகுபுனைவு உலகின் பெரிய விருதான ஹியூகோவை, சிறந்த சிற்றிதழ் பிரிவில், 2016 தொடங்கி ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வாங்கியது. மொழியழகும் மனக்கனமும் உள்ள மிகுபுனைவுக்கு இதைவிட நல்ல வீடு கிடைப்பது அரிது. சொல்லுக்கு 10 சென்ட். சிக்கல் இரண்டு. வாசல் ஆண்டில் சில காலம் மட்டுமே திறக்கும். சிறுகதைக்கு உச்சவரம்பு 6,000 சொல். இந்த 6,000 தமிழ்க் கணக்கில் 6,000 அல்ல. ‘வரமாட்டேனென்றாள்’ என்பது நமக்கு ஒரு சொல், ஆங்கிலத்தில் ஆறு. தமிழில் 4,500 சொல்லில் முடிந்த கதை ஆங்கிலத்தில் வரம்பைத் தாண்டிப்போக வாய்ப்பு அதிகம். மொழிபெயர்த்து முடித்த பிறகே எண்ணிப் பார்த்து இதழைத் தேர்ந்தெடுங்கள்.

அனலாக் 1930 ஜனவரியில் ‘அஸ்டவுண்டிங்’ என்ற பெயரில் தொடங்கியது. அறிவியலை உருவிவிட்டால் கதை சரிந்துவிட வேண்டும், அதுதான் அவர்கள் வைக்கும் சோதனை. செவ்வாய்க் கோளில் நடக்கும் குடும்பச் சண்டையை மதுரைக்கு மாற்றினாலும் கதை நிற்கும் என்றால் அனலாக்குக்கு அனுப்பிப் பயனில்லை, சகோதர இதழான அசிமோவ்ஸுக்கு அனுப்பலாம். பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். ஆகவே வேறெங்கும் பொருந்தாத, கணக்கும் இயற்பியலும் கெட்டியாக உள்ள கதைக்கு மட்டும் அனலாக் முதல் தெரிவு. 2025இல் அனலாக், அசிமோவ்ஸ், 1949 முதல் வரும் ஃபேன்டசி அண்ட் சயின்ஸ் ஃபிக்ஷன் மூன்றும் ஒரே புதிய உரிமையாளரின் கைக்குப் போயின. எனவே ஒப்பந்தம் வந்தால் பழைய மாதிரியை நம்பாமல் வரிவரியாகப் படியுங்கள்.

ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் 2000 முதல் தன்னார்வலர்களால் நடக்கும் வார இதழ். 2024இல் ஹியூகோவும் பெற்றது. 10,000 சொல் வரை அனுப்பலாம் என்றாலும் 5,000க்குள் இருப்பதையே விரும்புகிறார்கள். இதன் துணை இதழ் சமோவர் மொழிபெயர்ப்புக்கென்றே உள்ளது, மூலத்தையும் ஆங்கிலத்தையும் சேர்த்தே வெளியிடுகிறது. தமிழ் எழுத்தோடு கதை வர வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு, மற்ற மூன்றையும்விட இதுவே பெரிய கனவாக இருக்கத்தக்கது. புலம்பெயர் அனுபவத்திலிருந்து எழுதுகிறவர்கள் கோரேயோ என்ற இதழையும் பாருங்கள்: 5,000 சொல் வரை, சொல்லுக்கு 10 சென்ட்.

சன்மானத்தை அளக்க ஒரு கோல் உண்டு. அமெரிக்க அறிபுனைவு எழுத்தாளர் சங்கம் தொழில்முறைச் சன்மானத்தின் கீழ்வரம்பாக 2019இல் சொல்லுக்கு 8 சென்ட் என்று வைத்தது. விகிதங்களும் வாசல் திறக்கும் காலமும் மாறிக்கொண்டே இருப்பதால், அனுப்பும் நாளன்று இதழின் விதிமுறைப் பக்கத்தை மறுபடி பார்த்துவிடுங்கள்.

கையெழுத்துப்படி எளிமையாக இருக்கட்டும்: 12 பாயின்ட் அளவு எழுத்து, இரட்டை வரி இடைவெளி, முதல் பக்கத்தில் இடது மேல்மூலையில் பெயரும் முகவரியும், வலது மூலையில் சொல் எண்ணிக்கை. உடன்கடிதத்தில் கதைச் சுருக்கம் வேண்டாம், மூன்று வரி போதும். தமிழில் ஏற்கெனவே வந்த கதையானால் எந்த இதழ், எந்த ஆண்டு என்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள். பொதுவாக இவர்கள் வாங்குவது முதல் ஆங்கில வெளியீட்டு உரிமை, அதனால் தமிழ்ப் பிரசுரம் தடையாக இருப்பது அரிது. ஆனால் அதே கதையின் ஆங்கில வடிவத்தை வலைப்பூவில் போட்டிருந்தால் அது மறுபிரசுரம் ஆகிவிடும். சன்மானமும் வாய்ப்பும் சட்டென்று குறைந்துவிடும். மறுபிரசுரத்துக்கு ஒலி இதழான எஸ்கேப் பாட் நல்ல இடம், மொத்தமாக 100 டாலர் தருகிறார்கள். முதல் இதழோடு போட்ட ஒப்பந்தத்தில், கதையை வேறெங்கும் வெளியிடக்கூடாது என்று குறித்துள்ள காலம் முடிந்த பிறகு அனுப்புங்கள்.