சான்றிதழின் முதல் பக்கத்தை மட்டும் காட்டுபவர்களிடம் கவனமாக இருங்கள்

ஆர்கானிக் உணவுப் பொருள்களை இணையவழியில் விற்கும் ஒரு நிறுவனத்திடம் நீண்ட காலமாகத் தானியங்கள் வாங்கிவந்தேன். உறையின் முகப்பில் ‘சான்றளிக்கப்பட்ட ஆர்கானிக்’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். கீழே சான்றிதழ் எண்ணும், சான்றளித்த அமைப்பின் பெயரும் இருக்கும். அண்மையில் வந்த உறைகளில் எண் இருந்தது, அமைப்பின் பெயரைக் காணவில்லை. காரணம் கேட்டு எழுதினேன். அதன் பிறகு நடந்தவை இத்தகைய பொருள்களை நம்பி வாங்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் ஒரு சான்றிதழின் படத்தை அனுப்பினார்கள். அது போலியன்று, உண்மையான அமைப்பு ஒன்று முறையாக வழங்கியதுதான். ஆனால் அதில் இருந்த பெயர் விற்பனை நிறுவனத்தினுடையது அல்ல, ஓர் உழவர் குழுவினுடையது. எந்தெந்தப் பயிர்களுக்கு, எவ்வளவு பரப்புக்குச் சான்று செல்லும் என்பதைச் சொல்லும் இணைப்புப் பட்டியலை அனுப்பவில்லை. திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு அது வந்தது. நான் வாங்கிய தானியம் அந்தப் பட்டியலிலேயே இல்லை என்பதும், உறையில் அச்சிட்டிருந்த பொதியல் தேதிக்கு முன்பே சான்றின் காலம் முடிந்துவிட்டது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

“சான்று பெற்ற பண்ணையிலிருந்துதான் கொள்முதல் செய்கிறோம், ஆகவே எங்களுக்குத் தனியாகச் சான்று தேவையில்லை” என்பதே அவர்கள் தந்த விளக்கம். முத்திரையிட்டு வந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே விற்கும் சில்லறைக் கடைகளுக்குப் பல நாடுகளின் விதிகள் இத்தகைய விலக்கு அளிப்பது உண்மை. ஆனால் மூட்டையாக வாங்கிப் பிரித்து, அரைத்து அல்லது கலந்து, தன் பெயரிட்ட உறையில் அடைத்து விற்பவருக்கு அந்த விலக்கு பொருந்தாது. அவரும் தனியே ஆய்வுக்கு உட்பட்டுச் சான்று பெற்றிருக்க வேண்டும். சாதாரணச் சரக்கு ஆர்கானிக் சரக்காக மாறுவதற்கு மிக எளிதான இடம் வயல் அன்று, இடையில் இருக்கும் இந்தக் கிடங்குதான். அமெரிக்க வேளாண் துறை 2023-இல் தன் விதிகளைத் திருத்தி, அதுவரை சான்றுக்கு வெளியே இருந்த இடைத்தரகர்களிலும் வணிகர்களிலும் பலரை 2024 மார்ச் முதல் சான்று வட்டத்துக்குள் கொண்டுவந்ததற்குக் காரணமும் இதுவே.

சான்றளித்த அமைப்புக்கே நேரடியாக எழுதினேன். அந்த விற்பனை நிறுவனம் தங்களிடம் ஒருபோதும் பதிவு செய்ததில்லை என்றும், தாங்கள் சான்று வழங்காத ஒருவர் மீது தாங்கள் நடவடிக்கை எடுக்க இயலாது என்றும், அரசின் உணவுப் பாதுகாப்புத் துறையை அணுகும்படியும் மறுமொழி வந்தது. விதிப்படி அது சரியான பதில்தான். ஆனாலும், தங்கள் பெயரையும் எண்ணையும் வெளியார் ஒருவர் பயன்படுத்தி வணிகம் செய்வதை அறிந்த பின்னரும், அதைத் தடுக்கும் பொறுப்பு வாங்கியவரிடமே விடப்படுவது எனக்குக் கடும் வருத்தத்தைத் தந்தது. இதற்கிடையே விற்பனை நிறுவனம், நான் எழுதிய மதிப்புரையை நீக்கினால் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னது. நான் உடன்படவில்லை.

கையில் மீதமிருந்த பிரிக்காத உறை ஒன்றை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். ஆர்கானிக் சாகுபடியில் அனுமதிக்கப்படாத செயற்கைப் பூச்சிக்கொல்லி ஒன்றின் எச்சம் அதில் இருந்தது. அறிக்கையைக் காட்டியபோது, எச்சம் பொதுவான உணவுக்குரிய வரம்புக்குள்தான் உள்ளது என்று பதில் எழுதினார்கள். பொதுவான உணவுக்குரிய வரம்பு போதும் என்றால் கூடுதல் விலை எதற்காக வாங்கப்பட்டது என்ற என் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

இந்த இடத்தில் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எச்சம் இருந்தது என்பது மட்டுமே மோசடிக்குச் சான்றாகிவிடாது. ஆர்கானிக் சான்று, பொருள் விளைந்த முறைக்கும் கையாளப்பட்ட முறைக்கும் தரப்படுவது. உறைக்குள் இருக்கும் பொருளின் தூய்மைக்குத் தரப்படுவதன்று. சூழல் மாசு எங்கும் பரவியிருப்பதால் எச்சமே இல்லாத விளைபொருளுக்கு ஆர்கானிக் முறை உறுதி தர இயலாது என்று பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளே கூறுகின்றன. பக்கத்து வயலில் அடித்த மருந்து காற்றில் வந்து படியலாம். பழைய மருந்து மண்ணில் தங்கியிருக்கலாம். அமெரிக்க விதிகளின்படி, தடை செய்யப்பட்ட மருந்தின் எச்சம் சாதாரண உணவுக்குரிய வரம்பில் 5 விழுக்காட்டைத் தாண்டினால்தான் அப்பொருளை ஆர்கானிக் என்று விற்கக் கூடாது. அங்கே சான்றளிக்கும் அமைப்பு ஆண்டுதோறும் தன்னிடம் சான்று பெற்றவர்களில் குறைந்தது 5 விழுக்காட்டினரிடம் மாதிரி எடுத்துச் சோதித்தால் போதும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் குறைந்தபட்ச அளவு அதுவே. ஆண்டுக்கொரு முறை ஆய்வாளர் வந்து நிலத்தையும் கணக்குகளையும் பார்ப்பார் என்றாலும், பெரும்பாலான விளைச்சல் ஆய்வுக்கூடத்தைக் காணாமலேயே நம் வீட்டுக்கு வருகிறது.

மருந்தே தெளிக்காத உணவு என்று பலர் நினைப்பதும் விதிகளில் உள்ளதன்று. செம்பு, கந்தகம், இயற்கை மூலத்திலிருந்து கிடைக்கும் பூச்சிக்கொல்லிகளான பைரித்ரின், ஸ்பைனோசாட் போன்றவற்றைக் கட்டுப்பாடுகளுடன் பயன்படுத்த அனுமதி உண்டு. செயற்கை உரங்களுக்கும் மரபணு மாற்றப்பட்ட விதைகளுக்கும் தடை இருப்பதும், சான்று கிடைக்கும் முன் நிலம் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் மாற்றக் காலத்தைக் கடக்க வேண்டியிருப்பதும் பெரிய விஷயங்கள். அவற்றை நேர்மையாகக் கடைப்பிடிக்கும் உழவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். 2014-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் நியூட்ரிஷன் இதழில் வந்த விரிவான தொகுப்பாய்வு, பூச்சிக்கொல்லி எச்சம் சாதாரணப் பயிர்களில் ஆர்கானிக் பயிர்களைவிடச் சுமார் நான்கு மடங்கு அதிக முறை காணப்பட்டதாகக் காட்டியது. ஆகவே முறை பொய்யன்று. சான்று உண்மையில் சொல்வதற்கும் நாம் அதிலிருந்து எதிர்பார்ப்பதற்கும் இடையே இருக்கும் தொலைவில்தான் இத்தகைய விற்பனையாளர்கள் கடை விரிக்கிறார்கள்.

சான்று உண்மையானதாக இருந்தாலும் சரக்கு அதனுடையதாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்பதற்குப் பெரிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ரேண்டி கான்ஸ்டன்ட் என்பவரிடம் முறையாகச் சான்று பெற்ற வயல்கள் இருந்தன. அந்தப் பெயரைக் கொண்டு 2010 முதல் 2017 வரை சாதாரண மக்காச்சோளத்தையும் சோயாவையும் ஆர்கானிக் என்று விற்றதற்காக 2019-இல் அவருக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் ஆர்கானிக் என்ற பெயரில் அவர் விற்ற தானியத்தின் மொத்த மதிப்பு 14 கோடி டாலருக்கும் அதிகம், அதில் மிகப் பெரும்பகுதி சாதாரணச் சரக்கு. சான்று பெற்ற பரப்பில் எவ்வளவு விளையும், விற்றது எவ்வளவு என்ற ஒரு கணக்கை உரிய காலத்தில் ஒப்பிட்டிருந்தால் வெளிப்பட்டிருக்கக் கூடிய மோசடி அது.

எனவே வாங்கும் முன் சான்றிதழின் படத்தோடு இணைப்புப் பட்டியலையும் கேளுங்கள். பெயர், பொருள், காலம், செயல் ஆகிய நான்கும் நீங்கள் வாங்கும் உறையோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். செயல் என்ற இடத்தில் சாகுபடி மட்டும் குறிப்பிடப்பட்டிருந்தால், பொதியல் செய்தவரின் சான்று தனியே வேண்டும். சான்றிதழ் எண்ணை, அதை வழங்கிய அமைப்பின் இணையதளத்திலோ அரசின் பொதுப் பட்டியலிலோ நீங்களே தேடிப் பாருங்கள், விற்பவர் அனுப்பும் இணையச் சுட்டியின் வழியாகத் தேட வேண்டாம். சந்தேகம் எழுந்தால் உறையைத் தூக்கி எறியாதீர்கள். தொகுதி எண் தெரியும்படி படம் எடுத்துவைத்து, ஓர் உறையைப் பிரிக்காமல் பாதுகாத்து, வாங்கிய ரசீதோடு சான்றளித்த அமைப்புக்கும் உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். என் புகார் இப்போது அந்தத் துறையின் விசாரணையில் இருக்கிறது; பிரிக்காத உறை கையில் இருந்ததால்தான் அதை ஏற்றுக்கொண்டார்கள்.