ரங்கூன்ல ஒரு நாள்: அனவ்ரதா ரோட்டுல எங்க சாப்பிடலாம், எப்ப போகணும்

ரங்கூனுக்கு, அதாவது இப்ப யாங்கூன்னு சொல்ற பர்மா ஊருக்கு, வர்ற நம்ம ஆளுங்க நிறைய பேரு ஷ்வேடகோன் பகோடாவ பாத்துட்டு, போஜோ மார்க்கெட்டுல ரெண்டு ரத்தினக்கல்லு வாங்கிட்டு அப்படியே ஏர்போர்ட்டுக்கு கிளம்பிடறாங்க, இங்கயே பொறந்து வளர்ந்த எனக்கு இது ரொம்ப வருத்தமா இருக்கும். அனவ்ரதா ரோட்டுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கன்னு யாரு கேட்டாலும் சொல்லுவேன். பழைய ஆளுங்க இன்னும் ஃப்ரேசர் ஸ்ட்ரீட்டுன்னுதான் சொல்லுவாங்க. 1931 சென்சஸ்ல இந்த ஊரு ஜனத்தொகையில பாதிக்கு மேல இந்தியாக்காரங்க, அப்புறம் 1941 டிசம்பர்ல ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப கால்நடையா போனவங்க, 1964ல கடைகள அரசாங்கம் எடுத்துக்கிட்டதும் கப்பல் ஏறுனவங்கன்னு ஆளு குறைஞ்சுகிட்டே வந்துச்சு. மிச்சம் இருக்கறவங்க போட்ட கடைங்கதான் நீங்க பாக்கறது.

ராமநாதபுரத்துல இருந்து வந்த மச்சான கூட்டிட்டு போனேன். காலையிலயே கிளம்பிடுங்க, ஏன்னா காளியம்மன் கோயில் மத்தியானம் நடை சாத்திடுவாங்க. 26வது, 27வது தெருவுக்கு நடுவுல இருக்கு, 1871ல நம்ம தமிழ் ஆளுங்க கட்டுனது, கோபுரத்துல சிலைங்க நெருக்கியடிச்சு நிக்கும், கலரு கண்ண பறிக்கும். உள்ள போனா கன்னத்துல தனக்கா (மரப்பட்டைய சந்தனம் மாதிரி அரைச்ச பூச்சு) பூசி லுங்கி கட்டுன பொம்பளைங்க அர்ச்சனைக்கு பேரு நட்சத்திரம் தமிழ்ல சொல்றாங்க, பக்கத்துல பர்மாக்காரங்களும் கைகூப்பி நிக்கறாங்க, மச்சான் கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

அங்கிருந்து தெயிஞ்ஜி மார்க்கெட் பக்கம் நடந்தா மசாலா வாசனையே வழி காட்டும். மூட்டை மூட்டையா மஞ்ச, காஞ்ச மொளகா, பருப்பு. இந்தியா வெளிநாட்டுல இருந்து வாங்கற உளுந்துல பெரும்பகுதி பர்மா உளுந்துதான், அதனால மெட்ராஸ்ல நீங்க சாப்பிடற இட்லில எங்க மண்ணும் கொஞ்சம் இருக்கு! கடைக்காரர் ஒரு கை அள்ளி காட்டுனாரு, கறுப்பு தோலு பளபளன்னு, பல்லுல கடிச்சு பாத்தா நறுக்குனு உடையுது. கொஞ்சம் வாங்கிட்டு வந்து மாவு ஆட்டி பாத்தோம், நல்லா பொங்குச்சு.

மத்தியானத்துக்கு பிரியாணி. இங்க பிரியாணி நம்ம ஆம்பூர் திண்டுக்கல் மாதிரி இருக்காது, காரம் கம்மி, சோறு லேசா இனிக்கும், கோழிக்காலு முழுசா வரும், கூடவே புளிப்பு சூப்பும் ஊறுகாயும் வைப்பாங்க. அந்த சூப்ப ஒதுக்கி வச்சுடாதீங்க, நெய்ச்சோறுக்கு அதுதான் சரியான ஜோடி. பெரிய போர்டு போட்ட ஏசி கடை ஒண்ணுல நாங்க வாங்குனது ஆறிப்போய் வந்துச்சு, கேட்டா பதிலும் ஒழுங்கா இல்ல. அண்டாவ வாசல்லயே வச்சு அள்ளி போடற கடையா பாத்து உக்காருங்க, கூட்டம் இருக்கற இடத்துல சோறு சூடா இருக்கும்.

இனி நான் முக்கியமா சொல்ல வந்தது, சாயங்கால தோசை. வெயில் தாழ்ந்ததும் பிளாட்பாரத்துல குட்டி குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுடுவாங்க, கரி அடுப்பு, கல்லுல மாவ பேப்பர் மாதிரி தேச்சு, அது வேகறதுக்குள்ள அவிச்ச பட்டாணி, பொடியா நறுக்குன தக்காளி, கோசு, வெங்காயம் எல்லாம் தூவி, ஓரம் செவந்ததும் மடிச்சு தருவாங்க. நாங்க உக்காந்த கடையில அக்கா தமிழ்லயே பேசுனாங்க. மச்சான் "அக்கா, இட்லிப்பொடி இருக்கா?"ன்னு கேட்டான். "பொடி இருக்கு தம்பி, ஆனா முதல் தோசைய இப்படியே சாப்புடுங்க, அப்புறம் வேணும்னா கேளுங்க"ன்னாங்க. அவன் கேக்கவே இல்ல, அடுத்தடுத்து வாங்கிக்கிட்டே இருந்தான். ஓரம் மொறுமொறுன்னு, நடுவுல தக்காளி சாறு இறங்கி மெத்துனு, பட்டாணி கடிபடும். ஊர்ல சாப்பிடற தோசையோட இத ஒப்பிட்டு மார்க் போடறது சரியில்ல, இது ரங்கூன் தோசை, நூறு வருஷத்துக்கு மேல இந்த ஊர்ல புழங்கி இப்படி ஆகியிருக்கு, எனக்கு இதுக்குத்தான் முழு மார்க். சட்னி மட்டும் கொஞ்சம் தண்ணியா இருந்துச்சு.

வழியில மொகல் ஸ்ட்ரீட், இப்ப ஷ்வே பொன் தா தெரு, ஒருதரம் குறுக்க நடந்து பாருங்க, செட்டியாருங்க வட்டிக்கடை வச்சு ஓஹோன்னு இருந்த தெரு. சிட்டிக்குள்ள மோட்டார் பைக் ஓட்டக்கூடாது, அதனால நடக்கறது லேசு, ஆனா பிளாட்பாரம் பல இடத்துல பேந்து கிடக்கு, செருப்பு நல்லதா போட்டுக்கோங்க. கரண்ட் அடிக்கடி போகும், டார்ச் வச்சுக்கோங்க, ரொம்ப இருட்டறதுக்கு முன்னாடி திரும்பிடறது நல்லது. மழைக்காலத்துல வர்றவங்க தோசைக்கு சீக்கிரமா போயிடுங்க, மழை வலுத்தா ஸ்டூல எல்லாம் அடுக்கி அடுப்ப அணைச்சுடுவாங்க.