ஸ்டீரியோவுக்கு 'ஹை எண்ட்' பவர் கேபிள்: என் 42,000 ரூபாய் போய்விட்டது, நீங்களாவது உஷாராக இருங்கள்

கோவையில் விலை உயர்ந்த ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் விற்கிற ஒரு ஷோரூமில் 42,000 ரூபாய் கொடுத்து ஒரு பவர் கேபிள் வாங்கினேன். ஒரே ஒரு கேபிள், ஒன்றரை மீட்டர் நீளம். அதற்குள் எர்த் ஒயரை வெட்டி விட்டிருக்கிறார்கள். நேற்று என் மனைவிக்கு அதனால் ஷாக் அடித்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இந்தப் பக்கம் யாராவது இதே மாதிரி வாங்கப் போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீடு பெருந்துறைப் பக்கம். மஞ்சள் விற்ற காசில் ஆசைப்பட்டு வாங்கிய ஸ்டீரியோ செட். நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தது. கேபிள் டிவி செட்டாப் பாக்ஸை அதில் இணைத்த பிறகு மட்டும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். பாட்டு மெதுவாக ஓடும்போது காதை அறுக்கும். அதைக் கேட்கத்தான் அந்தக் கடைக்குப் போனேன்.

அங்கே கிடைத்த மரியாதையைச் சொல்லியாக வேண்டும். "வாங்கண்ணா, உட்காருங்க, முதல்ல காபி குடிங்க" என்றார் கடைக்காரர். ஏசி அறையில் சோபாவில் உட்கார வைத்தார். எந்த ஊர், என்ன விவசாயம் என்றெல்லாம் விசாரித்தார். தன் அம்மா ஊரும் விஜயமங்கலம்தான் என்றார். அப்புறம் ஒரு பழைய பாட்டைச் சாதாரண பவர் கார்டில் போட்டார். கார்டை மாற்றி, அதே பாட்டை மறுபடி போட்டார். வயலின் பளிச்சென்று முன்னால் வந்தது மாதிரி இருந்தது உண்மை. இரண்டாவது தடவை ரிமோட் அவர் கையில்தான் இருந்தது. சத்தத்தைத் துளி ஏற்றினாலே எந்தப் பாட்டும் இன்னும் தெளிவாகக் கேட்கிற மாதிரி இருக்கும். இந்த வியாபாரத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். "ஏனுங்கண்ணா, நம்மூர்க்காரருக்குப் போய் நான் தப்பான பொருள் கொடுப்பனுங்களா? இரைச்சல் போகலீன்னா திருப்பிக் கொண்டாங்க, காச வாங்கிக்குங்க." இந்த வார்த்தைக்குத்தான் 42,000 ரூபாயை எடுத்து வைத்தேன். ஜி.எஸ்.டி. பில் கேட்டதற்கு, "அதுக்கு 18 சதவீதம் கூட ஆகுமுங்க, உங்களுக்கு எதுக்கு அந்தச் செலவு" என்று ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்தார். 'ஆடியோ பொருள் 1' என்று மட்டும் அதில் எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். இரைச்சல் நின்றுவிட்டது! அந்தக் கடைக்காரரை ஊரெல்லாம் புகழ்ந்தேன்.

நேற்று மனைவி அந்த அலமாரியைத் துடைக்கப் போனாள். பின்னால் இருந்த செட்டாப் பாக்ஸ் ஒயர்களைக் கழற்றிவிட்டு ஆம்ப்ளிஃபயரை நகர்த்தியிருக்கிறாள். தரையில் ஈரம், காலில் செருப்பு இல்லை. கை சுள்ளென்று இழுத்து, அலறிக்கொண்டு பின்னால் விழுந்தாள். நல்ல வேளை, முழங்கையில் பட்ட அடியோடு தப்பித்தாள்.

சிப்காட்டில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீசியனாக இருக்கும் அக்கா மகன் ராத்திரியே வந்தான். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்ததும், "மாமா, இதுல எர்த்தே வரலீங்க" என்றான். பிளக்கைப் பிரித்தோம். பச்சை ஒயரை ஒட்ட வெட்டி, டேப் சுற்றி உள்ளே திணித்திருக்கிறார்கள். கட்டைவிரல் தடிமன் உறையைக் கிழித்தால் உள்ளே பஞ்சும் பிளாஸ்டிக் கயிறும். நடுவில் ரைஸ் குக்கருக்கு வருகிற அதே முக்கால் ஸ்கொயர் (0.75 சதுர மி.மீ.) ஒயர். இதற்குத்தான் 42,000 ரூபாய்.

இரைச்சல் போன ரகசியமும் அப்போதுதான் தெரிந்தது. கேபிள் டிவி ஒயரின் உறை ஒரு பக்கம் எர்த் ஆகியிருக்கும், ஆம்ப்ளிஃபயர் நம் வீட்டு எர்த்தில் இருக்கும். இரண்டும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிட்டால் அதில் ஓடும் சிறு மின்சாரம் ஸ்பீக்கரில் இரைச்சலாகக் கேட்கும். எர்த்தை வெட்டினால் வளையம் அறுந்து இரைச்சல் நின்றுவிடும். கூடவே நம் பாதுகாப்பும் போய்விடும். இரும்புப் பெட்டிக்குள் நாளைக்கு கரண்ட் வருகிற பேஸ் ஒயர் பெட்டியில் பட்டால் அதைத் தொடுகிறவர் உயிர் போகும். கேபிள் டிவி ஒயரில் ஐசோலேட்டர் என்று ஒரு சின்னப் பொருளை மாட்டினால் இது தீரும். அதைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

காலையில் கடைக்கு போன் போட்டேன். முதலில், "புது கேபிளுங்க, 200 மணி நேரம் ஓடுனாத்தான் செட் ஆகும்" என்றார்கள். ஷாக் அடித்தது என்றேன். "உங்க வீட்டு ஒயரிங்கைப் பாருங்க." எர்த்தை வெட்டியிருக்கிறீர்களே என்றேன். "முதலாளி சென்னை போயிருக்காருங்க." மறுபடி கூப்பிட்டால், "பிரிச்ச பொருளுக்கு ரிட்டர்ன் இல்லீங்க." வெட்டிய ஒயரின் படத்தைக் கடைக்காரருக்கே வாட்ஸப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அப்புறம் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார். காபி கொடுத்து அண்ணா அண்ணா என்று கூப்பிட்ட அதே மனிதர்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். ஈரோடு நுகர்வோர் ஆணையத்திலும் போடப் போகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. யுபிஐயில் பணம் போன விவரம் கையில் இருக்கிறது. 42,000 ரூபாயை விடுவதாக இல்லை.

எப்படிக் கேபிள் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. ஒரு கணக்கு மட்டும். 300 வாட்ஸ் இழுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு 230 வோல்ட்டில் 1.3 ஆம்பியர்தான் வேண்டும். ஒன்றரை ஸ்கொயர் காப்பர் ஒயரில் ஒன்றரை மீட்டருக்குப் போக வர இழப்பு 0.05 வோல்ட். பக்கத்துத் தறி ஓட ஆரம்பித்தால் அதைவிடப் பல மடங்கு இறங்கும். கம்பத்திலிருந்து அலுமினியக் கம்பியில் வருகிற கரண்ட்டைக் கடைசி ஒன்றரை மீட்டரில் யாரும் தங்கமாக்க முடியாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள, ஒன்றரை ஸ்கொயர் மூன்று கோர் காப்பர் கார்டு எலக்ட்ரிகல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அது போதும். ஜி.எஸ்.டி. பில் தராத கடையில் வாங்காதீர்கள்.

இரைச்சல் போகும் என்று சொல்லி யாராவது உங்களுக்குக் கேபிள் விற்றிருந்தால், இன்றைக்கே பிளக்கை உருவி, பிளக்கின் பெரிய பின்னுக்கும் மறுமுனையின் நடுத் துளைக்கும் மல்டிமீட்டரைக் கன்டின்யூட்டியில் (ஒயர் தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும்) வைத்துப் பாருங்கள். பீப் சத்தம் வரவில்லை என்றால் அந்தக் கேபிளை மறுபடி மாட்டாதீர்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.