ஊதா உருளைக்கிழங்கு: மூன்று வருடம் சமைத்துப் பார்த்ததில்

முதல் முறை நறுக்கியபோது தோலில் இருந்த நிறம் உள்ளேயும் அப்படியே அடர்ந்திருந்தது. நிறமே இப்படி என்றால் ருசி எப்படி இருக்குமோ என்று ஆசையாக வேகவைத்தேன். மூன்று வருடமாக அடிக்கடி சமைத்த பிறகு சொல்கிறேன்: ருசியில் வித்தியாசம் கொஞ்சம்தான். பதத்தில்தான் இது வேறு கிழங்கு.

சர்க்கரைவள்ளியிலும் ஊதா வகை உண்டு. அது வேறு, இது வேறு. இனிப்பை எதிர்பார்த்து வாங்க வேண்டாம். இது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் காலங்காலமாக விளைந்துவரும் நிறக் கிழங்குகளின் வழிவந்த உருளைக்கிழங்குதான்.

வெறும் உப்பு தூவிச் சாப்பிட்டால் மண்வாசம் சற்றுத் தூக்கலாகத் தெரியும். விழுங்கும்போது பருப்புக் கொட்டையை மென்ற மாதிரி ஒரு லேசான சுவை நாக்கில் நிற்கும். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். காரசாரமாகச் சமைத்தால் அது அடங்கிப்போகிறது. அதனால் மசாலா தூக்கலான சமையலுக்கு வெள்ளைக் கிழங்கே போதும் என்று விட்டுவிட்டேன்.

பதத்துக்கு வருவோம். ஊதா என்ற ஒரே பெயருக்குள் பல ரகங்கள் இருக்கின்றன. பிரான்சின் பழைய ரகமான விட்டலோட் நீளமாக, தடித்த தோலோடு, கணுக்கணுவாக இருக்கும். வெந்தால் மாவாக உதிரும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 2003-இல் வெளியிட்ட அடிரோன்டாக் ப்ளூ உருண்டையாக, ஈரப்பசையோடு இருக்கும். ரகத்தின் பெயர் தெரிந்தால் கேட்டு வாங்குங்கள். தெரியாவிட்டால் ஒரு கிழங்கை மட்டும் வேகவைத்து உடைத்துப் பாருங்கள். உதிர்ந்தால் மசியலுக்கு, வழவழவென்று வெட்டுப்பட்டால் சாலட்டுக்கு.

வேகவைக்கும் முறையில் நான் நிறையத் தப்பு செய்திருக்கிறேன். தோல் சீவி, துண்டு போட்டு, நிறைய தண்ணீரில் வேகவைத்தால் நிறம் பாதி தண்ணீரோடு போய்விடும். இதன் நிறமியான ஆந்தோசயனின் தண்ணீரில் கரையக்கூடியது. இப்போது தோலோடு முழுசாக ஆவியில் வேகவைக்கிறேன். நிறமும் நிற்கிறது, கிழங்கும் நீர் கோர்க்காமல் இருக்கிறது.

எலுமிச்சை விஷயம் புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. புளிப்பு பட்டால் நிறம் சிவப்பு கலந்து பளிச்சென்று ஆகும். அந்த ஆசையில் வேகும் தண்ணீரிலேயே சாறு பிழிந்தேன். எவ்வளவு நேரம் வைத்தும் கிழங்கு குழையவில்லை. கிழங்கின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருள் புளிப்பில் எளிதில் கரைவதில்லை, காரணம் அதுதான். துண்டு உடையாமல் வேண்டுமென்றால் இதையே வேண்டுமென்று செய்யலாம். மசியலுக்கு என்றால் வெந்து மசித்த பிறகு பிழிய வேண்டும். சமையல் சோடா சேர்த்தால் நிறம் நீலப் பச்சையாகத் திரும்பிவிடும், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மசிக்கும்போது கையால் மெதுவாக மசியுங்கள். மிக்ஸியில் போட்டால் பசைதான் மிஞ்சும். அப்புறம், பால் ஊற்றினால் சாம்பல் பூத்த ஊதாவாக மாறும். ருசிக்குக் குறைவில்லை, ஆனால் தட்டில் வைத்தால் கை நீளாது. நான் வெண்ணெயோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஓவனில் வறுப்பதுதான் இதற்கு மிகப் பொருத்தம். தோல் மொறுமொறுவென்றும் உள்ளே பூப்போலவும் வரும். ஆனால் பொன்னிறம் என்ற அடையாளமே கண்ணுக்குக் கிடைக்காது. இரண்டு தடவை கருக்கிய பிறகு, வாசனையையும் கத்தி முனையையும்தான் நம்புகிறேன்.

வாங்கியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள்; குளிரில் மாவு சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது சீக்கிரம் கருகும். இருட்டான, காற்றோட்டமுள்ள இடம் போதும். வெளிச்சம் பட்டுப் பச்சை பிடித்தாலும் இந்தத் தோலில் சட்டென்று தெரியாது. அதனால் நான் சமைப்பதற்கு முன் தோலை நகத்தால் சுரண்டிப் பார்க்கிறேன். பச்சை தெரிந்தாலோ, வெந்த பிறகு வாயில் கசந்தாலோ, யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடுகிறேன்.