பின்பக்க காலிப்பர் ஆட்டம்: ஸ்லைடு பின்னை மாற்றுவதா, முழு காலிப்பரையா?

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகத் தென்மலைக்கு இறங்கும்போது பைக்கின் பின்பக்கம் 'டக் டக்' என்றால், உடனே புது காலிப்பர் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பாகம்) வாங்கிவிடாதீர்கள்.

காலிப்பரைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அதைத் தாங்கும் பிராக்கெட்டும் சேர்ந்து ஆடினால் கோளாறு போல்ட்டிலோ ஆக்சில் நட்டிலோ இருக்கும். பிராக்கெட் அசையாமல் காலிப்பர் மட்டும் ஆடினால் ஸ்லைடு பின் என்ற கம்பியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். லேசான அசைவு இயல்புதான். அந்தப் பின்மேல் நகர்வதற்காகவே காலிப்பரைச் செய்திருக்கிறார்கள்.

என் ஓட்டு பெரும்பாலும் ஸ்லைடு பின்னையும் அதை மூடும் ரப்பர் பூட்டையும் மாற்றுவதற்கே. மலையோரத்தில் ஜூன் மழை பிடித்தால் விடாது. கிழிந்த பூட் வழியாகத் தண்ணீர் இறங்கி, ஸ்லைடு பின் துருவேறித் தேய்ந்துவிடும். கழற்றினால் பளபளப்பு போய், ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருப்பது கண்ணுக்கே தெரியும். புதுப் பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டுமே போடுங்கள்; சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும். பிரேக் ஆயில் ஹோஸைக் கழற்றாததால், உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றும் ஏர் எடுக்கும் வேலையும் இல்லை.

முழு காலிப்பர் எப்போது? ஸ்லைடு பின் நுழையும் துளையே தேய்ந்திருந்தால், பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருந்தால், சரி, மாற்றித்தான் ஆக வேண்டும். செலவு கூடும். புது பிரேக் ஆயில் ஊற்றி ஏர் எடுக்கவும் வேண்டும். ஆயில் கசிவு மட்டும் என்றால் முதலில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள் கொண்ட சீல் கிட்டைக் கேளுங்கள்.

எதைச் செய்தாலும், பெடல் கெட்டியாகும்வரை மிதித்துப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.